பொருளோடு பெயரையும் காப்போம்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘ஊர்க் காட்சியகம்’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். இப்பொருளைக் கேட்டவுடன், இதற்கும் மொழிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். பழம்பொருள்களைத் திரட்டி வைப்பது தொல்லியலார் பணியன்றோ, மொழி காக்க முற்பட்டவர்க்கு அங்கென்ன வேலை என்று வினவக்கூடும். அவ்வினாவுக்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

சென்னையில் 1851ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, இன்று எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகத்தை நாட்டுப்புற மக்கள் எப்பெயரால் அழைத்தனர் என்பது உங்களுள் முதியோர்க்கு நினைவிருக்கும். ‘செத்த காலேசு’ என்றனர். விலங்குகள் உலவிய காட்சிச்சாலையை ‘உயிர்க் காலேசு’ என்றனர். ‘காலேசு’ அயற்சொல், அதனை விடுங்கள். அப்பெயரில் ஓர் உண்மை உள்ளது. பாடம் செய்த விலங்குகளும் என்புக்கூடுகளும் நிறைந்த மாளிகையை எழுத்தறியா மக்கள் ‘செத்தவை’ வைத்த இடம் என்று கண்டுகொண்டனர். இதனைக் கேட்டு நகைத்தவர் பலர். எண்ணிப் பார்த்தவர் சிலரே. ஒரு பொருள் எப்போது சாகிறது? உடையும்போதா? இல்லை. உடைந்த பானையோடும் 26 நூற்றாண்டு கழித்து நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அதனைக் கையாண்ட கையும், அதற்கிட்ட பெயரும், அதனால் நிகழ்ந்த வினையும் மறக்கப்படும்போதே பொருள் சாகிறது. இதற்குக் கீழடியைச் சான்றாகக் காட்டுவேன்.

மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கல்தொலைவில், சிவகங்கை மாவட்டத்துத் திருப்புவனத்தையடுத்து, வையைக்கு அணித்தே உள்ள சிற்றூர் கீழடி. அங்கு நடுவணரசின் தொல்லியல் துறை 2015இல் அகழத் தொடங்கிற்று. 2018 முதல் தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை அப்பணியை மேற்கொண்டது. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு ஒன்றை அமெரிக்க ஆய்வகத்தில் கணித்தபோது, அது கி.மு. 580ஐச் சேர்ந்தது எனத் தெரிந்தது. 2019ஆம் ஆண்டில் வெளியான அகழாய்வு அறிக்கை இதனை உலகறியச் செய்தது. 2023 மார்ச்சுத் திங்கள் 5ஆம் நாள், கீழடியை ஒட்டிய கொந்தகையில், 18 கோடி உருபாவுக்கு மேற்பட்ட செலவில், செட்டிநாட்டு வீட்டமைப்பைத் தழுவி எழுப்பப்பெற்ற காட்சியகம் திறக்கப்பட்டது.

அக்காட்சியகத்திற்குள் முடியரசர் கருவூலத்தைத் தேடிச் செல்வோர் ஏமாந்து திரும்புவர். அங்கே இருப்பவை என்ன? கருப்பு சிவப்புப் பானைகள், நூல் நூற்கும் கதிரில் பொருத்திய சுடுமண் குண்டுகள், நெசவில் பயன்பட்ட கூர்மையான என்பு முனைகள், செம்பு ஊசி, யானை மருப்பாற் செய்த சீப்பு, சூதுபவள மணிகள், பகடைக்காய், ஆட்டக்காய்கள், சிறுவர் உடைந்த ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிக் கொண்ட சில்லுகள், மழைநீர் வழிய விரலாற் பள்ளமிட்ட கூரையோடுகள், அவ்வோடுகளை மரச்சட்டத்தோடு கட்டுதற்கு இட்ட துளைகள், செங்கற் சுவர், உறைகிணறு. அங்குக் கிடைத்த விலங்கெலும்புகளுள் 70 மாதிரிகளை ஆய்ந்தபோது, மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் எலும்புகள் பாதிக்கு மேல் இருந்தன.

அவையோரே! இப்பட்டியலை மீண்டும் ஒருமுறை உள்ளத்தில் ஓட்டிப் பாருங்கள். நூற்றாள் ஒருத்தி, நெய்தான் ஒருவன், கூரைக்கு ஓடு வனைந்தவன் ஈர மண்ணில் விரலை இழுத்தான், தெருவில் குழந்தைகள் சில்லு எறிந்து ஆடினர், மாலையில் முதியோர் காய் நகர்த்தினர். வெற்றி பெற்ற போர்களையும் வேந்தர் வழங்கிய கொடைகளையுமே வரலாறு என்று பயின்று வந்த நமக்கு, எளிய மக்களின் ஒருநாள் வாழ்க்கையைக் கண்முன் நிறுத்தியது அம்மண்.

இவற்றினும் மேலாக ஒன்றுண்டு. நான்காம் கட்ட அகழாய்வில் மட்டும் தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகள் 56 கிடைத்தன. ‘ஆதன்’, ‘குவிரன்’ என்னும் பெயர்கள் அவற்றுள் படிக்கப்பட்டன. பானையைச் சுட்ட பின்னரே அவ்வெழுத்துகள் கீறப்பட்டுள்ளன என்றும், எழுதிய கைகள் வெவ்வேறானவை என்றும் அறிஞர் கூறுகின்றனர். வனைந்த குயவர் மட்டும் எழுதியிருந்தால் ஈர மண்ணிலேயே எழுதியிருக்கலாம். ஆகவே வாங்கிப் பயன்படுத்திய மக்களே தத்தம் கலத்தில் தத்தம் பெயரைக் கீறிக்கொண்டனர் என்று கொள்ள இடமுண்டு. ஏவலரும் தச்சரும் எழுதத் தெரிந்திருந்தனரா, எத்தனை பேர் தெரிந்திருந்தனர் என்பதை அவ்வோடுகள் சொல்லா. ஆயினும், எழுத்து அரண்மனைக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை என்பதை அவை சொல்லுகின்றன. பொருளும் பெயரும் ஒன்றாகவே நமக்கு வந்து சேர்ந்த அரிய பேறு அது. பெயரில்லாத ஆயிரம் ஓடுகளைவிடப் பெயருள்ள ஓர் ஓடு நம்மை ஏன் நின்று நோக்கச் செய்கிறது என்பதை எண்ணுங்கள்.

இனி, அக்காட்சியகத்துள் நுழையும் ஒரு சிறுமியைக் கருதுங்கள். சில்லைக் கண்டதும், ‘இது நாம் பாண்டி ஆடும் சில்லு’ என்று அவள் சொல்லிவிடுவாள். ஏன்? அச்சொல்லும் அவ்விளையாட்டும் அவள் தெருவில் இன்னும் உள்ளன. உறைகிணற்றைக் கண்ட உழவர் அதனை எவரும் சொல்லாமலே அறிவர். அவ்வகைக் கிணறும் அப்பெயரும் பல ஊர்களில் அண்மைக் காலம் வரை இருந்தன. ஆனால் கதிர்க் குண்டைக் காணும்போது அச்சிறுமி மயங்குவாள். ‘கதிர்’ என்றால் நெற்கதிர், ஞாயிற்றின் கதிர் என்பதே அவள் அறிந்தது. நூற்கும் கருவிக்கும் அப்பெயருண்டு என்பது அவள் காதில் விழுந்ததே இல்லை. ஆகவே அவளுக்கு அது துளையுள்ள ஒரு மண்ணுருண்டை, அவ்வளவே. சொல் இருந்த இடத்தில் பொருள் உயிரோடு நின்றது; சொல் மறைந்த இடத்தில் கண்ணாடிப் பேழைக்குள் கிடப்பதாயிற்று.

26 நூற்றாண்டுக்கு முற்பட்ட பொருளுக்கே இந்நிலையென்றால், நம் பாட்டன் கையாண்ட பொருள்களின் நிலை என்ன? மண்ணுக்குள் புதைந்தவற்றைத் தோண்டி எடுக்கத் தொல்லியல் துறை உண்டு. வீட்டுப் பரணிலிருந்து பழையிரும்புக் கடைக்குச் செல்லும் பொருள்களைக் காக்க எத்துறை உண்டு? இரும்பு உருக்குலைக்குள் சென்ற கொழுவையும் அடுப்பெரிந்த மேழியையும் எந்த அகழாய்வும் மீட்டுத் தரப் போவதில்லை.

ஏரை எடுத்துக்கொள்ளுங்கள். உழுபொறி வந்தபின் மரக்கலப்பை பல ஊர்களில் மறைந்தது. மாந்தனும் மாடும் பட்ட துன்பம் குறைந்தது நன்றே; அதனை எதிர்த்து நான் பேச வரவில்லை. ஆனால் கலப்பையோடு சென்றவற்றைக் கணக்கிட வேண்டாவா? மேழி, ஏர்க்கால், கொழு, நுகத்தடி, பூட்டாங்கயிறு. இவையெல்லாம் ஓருடம்பின் உறுப்புகள். புழுதியுழவு, சேற்றுழவு, உழுத தடமாகிய சால், உழுத நிலத்தைச் சமன்செய்யும் பரம்பு. இவை அவ்வுடம்பின் வினைகள். ஒரு கலப்பை போனால் ஒரு சொல் போவதில்லை. ஒரு குடும்பமே போகிறது.

நீரிறைப்பைப் பாருங்கள். ‘பம்புசெட்டு’ என்று ஊரார் சொல்லும் நீரேற்றுப் பொறி வருமுன் ஏற்றமும் கமலையும் இருந்தன. கமலைக்கு ஒரு பகுதியில் கவலை என்றும் இன்னொரு பகுதியில் கபிலை என்றும் பெயர் வழங்கிற்று. நீர் முகக்கும் சால், அதன் தோல்வால், வடக்கயிறு, வால்கயிறு, கயிறு ஓடும் உருளை என்று அதற்கும் தனிச்சொல் வரிசை உண்டு. ஏற்றத்தில் நின்றவன் இறைத்த சால்களை எண்ணுவதற்கே பாட்டுக் கட்டினான். ஏற்றம் நின்றபோது அப்பாட்டும் நின்றது. பாடுவதற்குக் குரல் இருந்தும் எண்ணுவதற்குச் சால் இல்லை.

அளவைகளைக் கேளுங்கள். 2 ஆழாக்கு 1 உழக்கு. 2 உழக்கு 1 உரி. 2 உரி 1 நாழி. 8 நாழி 1 குறுணி. 2 குறுணி 1 பதக்கு. 2 பதக்கு 1 தூணி. 3 தூணி 1 கலம். 1956ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்தை அடுத்து, பதின்ம அளவை நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. வணிகத்திற்கு ஒரேயளவு வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் நம் கோயிற் கல்வெட்டுகளில் கலம் என்றும் தூணி என்றும் பதக்கு என்றும் பொறித்திருப்பதைப் படிக்கும் இளைஞன், அகராதியைத் துணைக்கழைக்க வேண்டிய நிலை வந்துவிட்டதே! கல்வெட்டு இருக்கிறது, எழுத்தும் தெரிகிறது, பொருள் விளங்கவில்லை. ஒரு நாழியையும் ஒரு மரக்காலையும் அவன் கையில் கொடுத்து, நெல்லை அளந்து பார்க்கச் செய்யுங்கள். ஒரே நாளில் அக்கல்வெட்டு அவனோடு பேசும்.

இனி முறம். தென்மாவட்டத்தார் சுளகு என்பர். மூங்கிற் பிளாச்சால் முடைந்த இவ்வெளிய கருவிக்கு எத்தனை வினைச்சொற்கள்! பதரைப் பறக்க விடுவது புடைத்தல். குறுநொய்யையும் முழுமணியையும் பிரிப்பது கொழித்தல். தெள்ளுதல், நாவுதல், நேம்புதல் என்று இன்னும் நுண்ணிய கையசைவுகளுக்கும் பெயருண்டு. இவையனைத்தையும் இன்று ‘சுத்தம் செய்தல்’ என்னும் ஒரே தொடரில் அடக்கிவிட்டோம். ஐந்து வினைகளின் வேற்றுமையைக் கண்டு ஐந்து பெயரிட்ட அறிவு எவருடையது? பள்ளிக்குச் செல்லாத நம் பாட்டியருடையது. அவர்களுடைய அறிவுக்கு நாம் எழுப்பியுள்ள நினைவுக்கல் எங்கே?

பழமொழிகளும் இவ்வாறே. ‘உலக்கை தேய்ந்து உளிப்பிடி ஆயிற்று’ என்பதன் நயத்தை, உலக்கையையும் உளியையும் காணாத பிள்ளைக்கு எங்ஙனம் உணர்த்துவீர்? மொழியின் வேர் நூலில் மட்டும் இல்லை. களத்திலும் அடுக்களையிலும் தறியிலும் உலையிலும் பரவியுள்ளது. மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர், தம் சொல்லாய்வில் உழவர் வழக்கையும் தொழிலாளர் வழக்கையும் ஊர்ப்புற வழக்கையும் சான்றாகக் காட்டியது இதனாலன்றோ? கரிசல் நிலத்து மக்களின் சொற்களைத் திரட்டிக் கி. இராசநாராயணன் 1982இல் ஓர் அகராதி வெளியிட்டதும் இவ்வழியில் நினைக்கத்தக்கது. அகராதி சொல்லைக் காக்கும். காட்சியகம் பொருளைக் காக்கும். இரண்டும் ஓரிடத்தே கூட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இது நடவாத கனவு என்று எண்ணற்க. நம்மைப் போலவே மொழிக் கவலை கொண்ட மற்றொரு மக்கள் இதனைச் செய்து காட்டியுள்ளனர். ஆங்கில நாட்டின் மேற்கே உள்ள வேல்சு நாட்டவர் அவர்கள். சுவீடனில் ஆர்தர் அசீலியசு என்பவர் 1891இல் சுடாக்கோம் நகரில், பழைய நாட்டுப்புற வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து நிறுத்திச் சுகான்சென் என்னும் திறந்தவெளிக் காட்சியகத்தை அமைத்தார். அவ்வழியைப் பின்பற்றி வேல்சில், கார்டிப்பு நகரை அடுத்த செயிண்டு பேகன்சு என்னும் சிற்றூரில், 1948 சூலைத் திங்கள் முதல்நாள் ஒரு நாட்டுப்புற வாழ்வுக் காட்சியகம் திறக்கப்பட்டது. அதன் முதற் காப்பாளர் யோர்வெர்த்து பீட்டு. தச்சர் குடியிற் பிறந்தவர்; வேல்சுமொழிப் பாவலர். உளியும் இழைப்புளியும் வழங்கிய வீட்டில் வளர்ந்தவராதலின், கைவினைஞனின் கருவிக்கும் அவன் மொழிக்கும் உள்ள உறவை அவர் நன்கறிந்திருந்தார்.

அங்கே அரண்மனைக்குச் சிறப்பில்லை. உழவர் வீடு, கம்பளி நெசவாலை, பள்ளிக்கூடம், தொழிலாளர் மன்றம் ஆகியவற்றை அவையிருந்த ஊர்களிலிருந்து கல் கல்லாகப் பிரித்து எண்ணிட்டுக் கொணர்ந்து மீண்டும் கட்டியுள்ளனர். இரும்பாலைத் தொழிலாளர் வாழ்ந்த ஒரே வரிசையிலான 6 சிறு வீடுகளை நிறுத்தி, 1805, 1855, 1895, 1925, 1955, 1985 ஆகிய ஆண்டுகளில் அத்தகைய குடும்பம் எவ்வாறு வாழ்ந்தது என்பதை ஒவ்வொரு வீட்டிலும் காட்டியுள்ளனர். அடுத்தடுத்த 6 வாயில்களில் நுழைந்து வெளிவருபவன் 180 ஆண்டுகளைக் கடந்து விடுகிறான். இவற்றோடு நில்லாது, முதியோரை நாடிச் சென்று அவர்தம் வட்டார மொழியையும் தொழிற்சொற்களையும் ஒலிப்பதிவு செய்து வைத்தனர். நான் வற்புறுத்துவது இதனையே.

ஓர் உண்மையையும் மறைக்காமற் சொல்லவேண்டும். 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வேல்சு மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தம் மொழியைப் பேசினர். 2021இல் அது 17.8 விழுக்காடு. ஆகவே காட்சியகம் ஒன்றை அமைத்துவிட்டால் மொழி பிழைத்துவிடும் என்று எவரும் கருதவேண்டா. பள்ளியிலும் ஆட்சியிலும் வீட்டிலும் வழங்காத மொழியை எந்த மாளிகையும் காவாது. காட்சியகம் வித்துக்குதிர் போன்றது. குதிரில் வித்து இருந்தால் மட்டும் வயல் விளையாது, விதைக்க வேண்டும். ஆனால் குதிரும் ஒழிந்துவிட்டால், விதைக்க விரும்பும் நாளில் கையில் என்ன இருக்கும்?

நம் நாட்டில் இன்று நடப்பதென்ன? காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் நிலைக்கதவுகளும் தூண்களும் அடுக்களைக் கலங்களும் விலைக்கு நிற்கின்றன. பெருநகர உணவகங்களின் முகப்பில் ஏர்க்காலும் வண்டிச் சக்கரமும் ஒப்பனைப் பொருள்களாகத் தொங்குகின்றன. மரக்காலில் பூச்செடி வளர்கிறது. பொருள் உள்ளது, விலையும் உள்ளது, அதன் பெயரைக் கேட்டால் விற்பவர்க்கும் தெரிவதில்லை, வாங்குபவர்க்கும் தெரிவதில்லை.

ஆதலின் ஒவ்வொரு சிற்றூரிலும் பேரூரிலும் ஓர் ஊர்க் காட்சியகம் எழவேண்டும். கோடிக்கணக்கில் பொருள் வேண்டா. பயனின்றிக் கிடக்கும் பழைய பள்ளியறை ஒன்று போதும். நூலகத்தின் ஒரு பக்கம் போதும். வேண்டுவது ஒழுங்கு. வைக்கும் ஒவ்வொரு பொருளின் அருகிலும் 5 செய்திகள் எழுதப்பட வேண்டும். முதலாவது, அவ்வூரில் வழங்கும் பெயர். இரண்டாவது, அண்டைப் பகுதிகளில் வழங்கும் வேறு பெயர்கள். நெல் சேர்த்து வைக்கும் கலத்திற்குக் குதிர் என்றும் குலுக்கை என்றும் தொம்பை என்றும் பத்தாயம் என்றும் பெயர்கள் உண்டு. இவற்றுள் மண்ணாலானவை எவை, மரத்தாலானவை எவை, எவ்வூரில் எப்பெயர் என்பதெல்லாம் பதிவாக வேண்டும். மூன்றாவது, உறுப்புகளின் பெயர். தறி என்று மட்டும் எழுதினால் போதாது; பாவு, ஊடை, தார், விழுது, படமரம் என்று சுட்டிக் காட்டவேண்டும். நான்காவது, அப்பொருளால் நிகழும் வினைக்குரிய சொற்கள். ஐந்தாவது, அதனைச் செய்தவர் எத்தொழிலார், கையாண்டவர் யாவர் என்பது. இவ்வைந்தையும் நூலிலிருந்து பார்த்து எழுதற்க. அப்பொருளைக் கையாண்ட முதியோரை அமர்த்தி, அவர் வாயாற் கேட்டு, அவர் குரலையே பதிவு செய்து எழுதுக. இன்று ஒவ்வோர் இளைஞன் கையிலும் ஒலியும் படமும் பதியும் கைப்பேசி இருக்கிறது. கேட்பதற்குரிய முதியவரோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெருமை தருவனவற்றை மட்டும் திரட்டி, சிறுமை தருவனவற்றை மறைத்து வைப்பது வரலாறு ஆகாது. செல்வர் வீட்டு ஊஞ்சலை வைக்கும் அறையில், செருப்புத் தைத்தவரின் ஊசியும் துணி வெளுத்தவரின் வெள்ளாவிப் பானையும் மீனவரின் வலைக்கோலும் ஒத்த மதிப்போடு இடம்பெற வேண்டும். தேநீர்க் கடைகளில் தமிழனைத் தமிழன் இழிவுபடுத்த வைத்திருந்த இரட்டைக் குவளைகளும் அங்கே இருக்கவேண்டும். அவற்றின் அருகிலும் அந்த 5 செய்திகளையும் எழுதுக. யார் எக்குவளையில் குடித்தனர் என்பதையும் எழுதுக. அதனைக் கண்டு வருங்காலப் பிள்ளைகள் நாணட்டும். நாண வேண்டியதற்கு நாணக் கற்பதும் நாகரிகமே. கீழடியின் சிறப்பு எளிய மக்களைக் காட்டியதில் இருக்கிறது என்று மகிழ்ந்த நாம், நம் ஊரின் எளிய மக்களை வாயிலுக்கு வெளியே நிறுத்தினால் அம்மகிழ்ச்சி போலியாகிவிடும்.

அன்பர்களே! குவிரன் என்பான் எவனோ, அறியோம். தன் கலத்தில் தன் பெயரைத் தன் எழுத்தில் கீறி வைத்தான். 26 நூற்றாண்டின் பின்னரும் அவனைத் தமிழன் என்று கண்டுகொண்டோம். நம் வீட்டுக் கலங்களில் நாம் எதனைக் கீறி வைக்கப் போகிறோம்? இக்கூட்டம் முடிந்து இல்லம் சென்றதும் பரணை ஒருமுறை பாருங்கள். வீட்டு முதியவரை அருகில் அழைத்து, ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டு எழுதுங்கள். அடுத்த திங்கட் கூட்டத்திற்கு வரும்போது ஆளுக்கொரு பொருளும், அதன் ஐந்து செய்திகளும் கொண்டு வாருங்கள். நம் ஊரின் காட்சியகம் அன்றே தொடங்கிவிடும்.